ஆணையத்துக்கு அறுத்த ஆடு

வறட்டி நன்றாகப் பிடித்துக்கொண்டது. கெட்டிலில் தண்ணீர் கொதித்ததும் புரூல் அதைத் தகர வாளியில் ஊற்றி, பச்சைத் தண்ணீர் கலந்து, முழங்கையை விட்டுச் சூடு பார்த்தாள். பிறகு படுக்கையின் மேல் ஒரு முழங்காலை ஊன்றி, அனார்கானின் தோளுக்கும் இடுப்புக்கும் கை கொடுத்து ஒருக்களித்துத் திருப்பினாள். கிழவியின் முகம் அவள் மடியில் வந்து படிந்தது. பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்த பிறகு மூன்றாவது குளிர்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"முதுகு எப்படி இருக்கு?" என்று அனார்கான் மடிக்குள்ளிருந்து கேட்டாள். வார்த்தைகள் கொஞ்சம் குழறும், ஆனால் புரியும்.

"கொழந்தை தோலு மாதிரி இருக்கு பெரியம்மா."

"பொய் சொல்லாதடி. கெழட்டு மாட்டுத் தோலுன்னு சொல்லு, நம்பறேன்."

"மாட்டுத் தோலுதான். ஆனா ஒரு ஓட்டை கிடையாது, செருப்பு தைக்கலாம்."

கிழவிக்குச் சிரிப்பு வந்து உடம்பு குலுங்கியது. புரூல் வெந்நீர்த் துணியால் முதுகைத் துடைத்து, காயவிட்டு, இடுப்பெலும்பு துருத்தும் இடத்தில் வாத்துக் கொழுப்பைத் தடவினாள். அங்கேதான் தோல் முதலில் சிவக்கும். சிவந்ததைக் கவனிக்காமல் விட்டால் புண், புண்ணை விட்டால் அவ்வளவுதான். ஊரில் இப்படி ஏழு வீட்டுக்கு அவள் போய்க்கொண்டிருந்தாள். அரசாங்கம் கொடுத்த வேலை. மற்ற வீடுகளில் தண்ணீர் எடுத்து வைத்து, மாத்திரை வாங்கிக் கொடுத்தால் போதும். இந்த வீட்டில் அவள் வராவிட்டால் ஆகாது. அனார்கானின் புருஷன் சாகினுக்குக் குடலிறக்கம். ஒரு வாளித் தண்ணீர் தூக்கினாலே அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஒரே மகன் உலான் ரஷ்யாவுக்குப் போனவன், அங்கேயே கல்யாணம் கட்டிக்கொண்டு, வருஷக்கணக்காக ஒரு போன்கூடப் பண்ணவில்லை. இது ஊருக்கே தெரியும், ஊரில் யாரும் வாய் திறந்து பேச மாட்டார்கள்.

அன்றைக்கு ஊர்த் தலைவர் மெலிஸ் வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்று சேதி சொன்னார்.

"புரூலு, நாளான்னைக்கு பிஷ்கேக்லேர்ந்து தலைநகரத்து ஆளுங்க வராங்க. முதியோர் ஆணையம்னு புதுசா ஒண்ணு போடப்போறாங்களாம். போடறதுக்கு முன்னாடி ஊரு ஊரா போய், வயசானவங்களுக்கு என்ன தேவைன்னு கேட்டு எழுதிக்கறாங்க. தேவை இருக்கற ஊர்ல உன் வேலை இருக்கும். இல்லாத ஊர்ல எடுத்துடுவாங்க. நம்ம ஊருல இந்த வீட்டுக்குத்தான் கூட்டிட்டு வரேன்."

"கூட்டிட்டு வாங்க. பெரியம்மாவ ஒரு தடவ பாத்தாப் போதுமே."

"அதான். ஆனா வீடு நாறக் கூடாது, சொல்லிட்டேன். டவுன் மூக்கு அவங்களுக்கு."

அவர் போனதும் புரூல் கொட்டகைக்குப் போய் சாகினைப் பிடித்தாள். வறட்டியை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, நல்லா கேட்டுக்கோங்க. அவங்க கேட்டா உள்ளத உள்ளபடி சொல்லணும். உங்களால தூக்க முடியாது, உலான் வரதில்ல, நான் வரலன்னா பெரியம்மா கதி அதோகதின்னு சொல்லணும்."

"சொல்றேன்."

"மறக்க மாட்டீங்களே?"

"எனக்கு வயித்துலதான் ஓட்டை விழுந்திருக்கு, தலையில இல்ல" என்றார் சாகின். அவள் நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

அவர்கள் வரும் நாள் காலையில் புரூல் வந்தபோது கிழவர் வாசலில் குந்தி உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கிடா கட்டியிருந்தது. குளிர்காலத்துக்கென்று வைத்திருந்த ஒரே கிடா. அதை அறுத்து உப்புக்கண்டம் போட்டால்தான் பனி உருகும்வரை இரண்டு பேருக்கும் சாறு.

"என்ன பண்றீங்க பெரியப்பா?"

"விருந்தாளி வராங்கல்ல."

"அவங்க விருந்தாளி இல்ல, அரசாங்கம்."

"வாசப்படி தாண்டி உள்ள வந்துட்டா அப்புறம் என்ன அரசாங்கம்? தலைநகரத்துலேர்ந்து மலையேறி வரவங்களுக்கு வெறும் டீயக் குடுத்து அனுப்பவா? செத்துப்போன எங்கப்பன் எந்திரிச்சு வந்து என் மூஞ்சில காறித் துப்புவான்."

"இல்லாதவங்கன்னு காட்டத்தானே அவங்களக் கூட்டிட்டு வரதே. ஆட்ட அறுத்துட்டு இல்லைன்னு சொன்னா யாரு நம்புவா?"

சாகின் கத்தியின் கூரைக் கட்டைவிரலில் பார்த்தார். "நீ உள்ள போயி அவள ரெடி பண்ணு மவளே. ஆட்டு விவகாரம் ஆம்பளைங்க விவகாரம்."

புரூல் உள்ளே போனாள். தன் வேலையை என்றைக்கும் செய்வதுபோல் சுத்தமாகச் செய்தாள். குளிப்பாட்டினாள், விரிப்பை மாற்றினாள், தலையைப் பின்னி வெள்ளைத் தலைத்துணி கட்டினாள், வாசனைக்கு ஆர்ச்சா மரத்தழையைப் புகைத்து மூலை மூலையாகக் காட்டினாள். முதுகுக்குப் பின்னால் மூன்று தலையணையை அண்டை கொடுத்து, அனார்கானைத் தரையில் விரித்த விருந்துத் துணியின் தலைமாட்டில் சாய்த்து உட்காரவைத்தாள். விழுந்துபோன கையைச் சால்வை மறைத்தது. எட்டி நின்று பார்த்தபோது புரூலுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

வந்தவர்கள் நாலு பேர். தலைமை ஐஜமால் என்கிற அம்மாள், ஐம்பதைத் தொட்டவள், மலைப்பாதையில் வாந்தியெடுத்து முகம் வெளுத்திருந்தாள். கிடாவை அவர்கள் முன்னால் இழுத்து வந்து, ஆசி சொல்லச் சொல்லி சாகின் கை ஏந்தி நின்றார். "ஐயோ, இதெல்லாம் எதுக்குங்க ஐயா" என்றாள் ஐஜமால். வேண்டாம் என்று கையை மடக்கினால் வீட்டுக்காரனை அவமதித்ததாகிவிடும். நரைத்த அதிகாரி ஒருவர் உள்ளங்கைகளை விரித்து ஆசி சொன்னார். எல்லோரும் முகத்தைத் தடவிக்கொண்டார்கள்.

கறி வேகும்வரை தேநீர், பொரித்த மாவுத்துண்டுகள், பக்கத்து வீட்டில் வாங்கிய வெண்ணெய், ஜாம். கறி வந்ததும் சாகின் மரியாதைக்குத் தகுந்தபடி எலும்பு பிரித்தார். நரைத்த அதிகாரிக்குத் தலை, ஐஜமாலுக்கு இடுப்பெலும்பு, மெலிஸுக்குத் தொடை. தனக்கு ஒரு விலாத்துண்டு வைத்துக்கொண்டு, அதையும் தொடவில்லை. ஒரு வருஷமாகக் குனிந்தே கிடந்த மனுஷன், அன்றைக்கு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல்.

ஐஜமால் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "ஐயா, உங்க மனசுல இருக்கறத சொல்லுங்க. உங்களுக்கு என்ன தேவை?"

புரூல் கறிப்பாத்திரத்தோடு கதவோரம் நின்றுவிட்டாள்.

சாகின் தாடியைத் தடவினார். அவர் பார்வை மெலிஸ் மேல் போனது, தலைமாட்டில் சாய்ந்திருந்த மனைவி மேல் போனது, தட்டில் ஆவி பறந்த கறி மேல் போனது. "ஆண்டவன் புண்ணியத்துல ஒரு கொறையும் இல்ல தாயி. பையன் ரஷ்யால இருக்கான். தங்கமான பையன். மாசம் தவறாம பணம் அனுப்பறான். எங்களுக்கு ஒண்ணுன்னா பறந்து வந்துடுவான்."

மெலிஸ் தொடையெலும்பைக் கவனமாகச் சீவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நீங்க?" என்று ஐஜமால் அனார்கான் பக்கம் திரும்பினாள். "உங்கள யாரு பாத்துக்கறாங்க?"

கிழவி புருஷனைப் பார்த்தாள். கன்றுக்குட்டி மாதிரி தொலைந்துபோன பிள்ளையை ஊரார் முன்னால் சபிக்க எந்தத் தாய்க்கு நாக்கு வரும். "எனக்கென்ன கொறை" என்றாள், குழறாமல்.

ஐஜமாலுக்குக் கண் கலங்கிவிட்டது. "டவுன்ல நாங்க பாக்கறதெல்லாம் வேற ஐயா. தனியா செத்துக் கெடக்கறவங்கள கதவ ஒடைச்சு எடுக்கறோம். இந்த வீட்டப் பாத்தா எங்கம்மாவ இங்க கொண்டாந்து விட்டுடலாம்னு தோணுது" என்றாள். வேஷம் போடும் பெண் இல்லை அவள், மனசாரத்தான் சொன்னாள்.

புறப்படும் நேரத்தில் முற்றத்தில் புரூல் கூஜாவிலிருந்து அவள் கைக்குத் தண்ணீர் ஊற்றினாள். ஐஜமால் குரலைத் தாழ்த்தினாள்.

"நீதானே இந்த ஊரு பணியாளர்? உண்மைய சொல்லு தங்கச்சி. அந்தப் பையன் நெசமாவே பாத்துக்கறானா?"

புரூல் கூஜாவை நிமிர்த்தினாள். சொல்லிவிட வேண்டும். நாலே வார்த்தை. வாயைத் திறந்து நிமிர்ந்தவள், வாசற்படியில் சாகின் நிற்பதைப் பார்த்தாள். விருந்தாளிகள் வீட்டுக்குக் கொண்டுபோக மீதிக் கறியைப் பாலித்தீன் பைகளில் கட்டி இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு நின்றார். அவர் காதில் எல்லாம் விழுந்திருந்தது. கண்ணால் கெஞ்சினார். எழுபத்தெட்டு வயது ஆள், கொட்டடியில் அடிபட்ட நாய் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"பாத்துக்கறாருக்கா" என்றாள் புரூல். "நல்லா பாத்துக்கறாரு."

வேன் கறிப்பைகளோடு போய்விட்டது. புரூல் பாத்திரம் கழுவினாள். அனார்கான் உள்ளேயிருந்து, "தலையணைய எடுடி, இடுப்பு விட்டுப்போச்சு" என்றாள்.

முதல் பனி விழுந்த பிறகு ஆணையம் வந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். பெரிய மண்டபம், கைத்தட்டல், கம்பளம். ஐஜமால் மூன்றாவது நாற்காலியில் இருந்தாள். மெலிஸ் புரூலைக் கூப்பிட்டனுப்பி, கண்ணைப் பார்க்காமல் பேசினார்.

"நம்ம ஊர ரொம்ப ஒசத்தியா எழுதியிருக்காங்க. பெத்தவங்கள பிள்ளைங்களே தாங்கற ஊரு, மத்த ஊருக்கெல்லாம் முன்மாதிரின்னு. அதனால பணியாளர் தேவையில்லன்னு..."

"நீங்களும் அங்கதானே இருந்தீங்க தலைவரே?"

"நீயும்தான் இருந்த" என்றார் மெலிஸ்.

சம்பளம் நின்ற பிறகும் புரூல் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தாள். வீட்டில் மாவு மூட்டை தரை தட்டியதும், கல்லூரியில் படிக்கும் மகள் போன் செய்து அழுததும், பிஷ்கேக்கில் தையல் பட்டறையில் இருக்கும் தங்கையோடு போய்ச் சேர்ந்துகொண்டாள். போகும்போது சாகினின் பக்கத்து வீட்டுப் பெண்களிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் போனாள். அவர்களும் வந்து பார்த்தார்கள். "ஒண்ணும் வேணாம்மா, நாங்க நல்லாத்தான் இருக்கோம்" என்று சாகின் அவர்களை வாசலிலேயே தேநீர் கொடுத்துத் திருப்பி அனுப்பினார். இரண்டு மூன்று தடவைக்கு மேல் யார் வருவார்கள், அவரவர் பாடு அவரவருக்கு.

பட்டறையில் நவ்ருஸ் வசந்தப் பண்டிகைக்கு விடுமுறை விட்டார்கள். புரூல் ஊருக்கு வந்து, பையை வீட்டில் போட்ட கையோடு சாகின் வீட்டுக்கு நடந்தாள். கதவைத் திறந்ததுமே வாடை முகத்தில் அடித்தது. அது என்ன வாடை என்று அவளுக்குத் தெரியும்.

அனார்கான் பாதியாகச் சுருங்கிக் கிடந்தாள். அவள் மார்பைச் சுற்றி, குதிரைச் சேணத்தை வயிற்றோடு கட்டும் தோல்பட்டை ஓடியது. பட்டையின் மறுமுனையில் கயிறு. கயிறு உத்தரத்தின் மேல் போய், சுவரோரம் தொங்கியது. தூக்க முடியாத கிழவர், கயிற்றைப் பிடித்துத் தொங்கி, பெண்டாட்டியைப் புரட்டியிருக்கிறார். கயிற்றுக்குக் கீழே தரையில் அவர் கால் வைத்து அழுத்திய இடத்தில் மண் பூச்சு பெயர்ந்திருந்தது.

"வந்துட்டியா" என்றாள் அனார்கான். கண் திறக்கவில்லை. "அவர ஒண்ணும் சொல்லாதடி. கயித்த இழுத்து இழுத்து அவரும் ரத்தமா போறாரு."

புரூல் கிழவியைத் தன் மடிக்குத் திருப்பினாள். இடுப்பெலும்பின் மேல் தோல் இல்லை. குழிக்குள் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. எழுந்து அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.

சாகின் உள்ளே வரவில்லை. முற்றத்தில் வெட்டுக்கட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார். எதிரே காலி முற்றம், வேலி, அதற்கு அப்பால் உருகாத பனி. தொப்பியைக் கழற்றி முழங்காலின் மேல் வைத்துக்கொண்டு, அன்றைக்கு வந்த விருந்தாளிகள் எதிரில் உட்கார்ந்திருப்பதுபோல் உரக்கப் பேசத் தொடங்கினார்.

"தாயி, எனக்கு யாருமில்ல. உலான் பேசறதில்ல. செத்தானா இருக்கானான்னு தெரியாது. அவன் ஒரு காசு அனுப்பல. என் பொண்டாட்டி அழுகிப்போறா தாயி, என்னால தூக்க முடியல. தேவை இருக்கு. எனக்குத் தேவை இருக்கு."

உள்ளே புரூல் பட்டையை அவிழ்க்கப் பார்த்தாள். கொக்கி ஈரத்தில் துருவேறி இறுகியிருந்தது. விரல் நுழையவில்லை. குனிந்து பல்லால் கடித்து இழுத்தாள். வெளியே கிழவர் நிறுத்தவில்லை.