அப்பா போட்ட தோட்டா

"திரும்பி நில்லு. நான் எதப் போடறேன்னு நீ பாக்கக் கூடாது."

வெர்னா ஜன்னலுக்கு வெளியே முதுகைக் காட்டி நின்றாள். உள்ளே கட்டிலில் சாய்ந்திருந்த அப்பா எமெட், துப்பாக்கிக்குள் எதையோ நுழைத்துப் பூட்டினார். நல்ல தோட்டாவா, சுட்டுத் தீர்ந்த வெற்று உறையா என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய், காதில் வேட்டைக்காரர்களின் சத்தத்தடுப்பான். காலையில் வந்த நர்ஸ் இந்தக் கோலத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு போயிருந்தாள்.

அண்ணன் ராய்ஸின் மேக்னம் துப்பாக்கி அது. வெர்னா அதை வாங்கி மேசைமேல் மணல் பையில் சாய்த்து, வேலிக்கு அப்பால் வைக்கோல் கட்டின்மேல் குத்தியிருந்த காகிதத்தைக் குறி பார்த்தாள். விசையை அழுத்தினாள். 'டிக்' என்றது. வெற்று உறை. ஆனால் குழல் முனை தரையைப் பார்த்துக் குனிந்துவிட்டது.

கட்டிலில் எழுந்த சிரிப்பு இருமலில் முடிந்தது.

"பாத்தியா? வெடிக்கறதுக்கு முன்னாடியே சலாம் போடறே."

"குளிருதுப்பா. கை நடுங்குது."

"கையச் சொல்லாத. இந்தப் பீரங்கி தோள்ல ஒதைக்கும்னு பயந்து கண்ண மூடிக்கறே."

படியில் காபிக் கோப்பையுடன் உட்கார்ந்திருந்த ராய்ஸுக்கு ரோஷம் வந்தது. "எல்க் மான் என்ன முயலாப்பா? குதிர மாதிரி நிக்கும். மேக்னம்தான் சரி. அதுமேல இருக்கற ஸ்கோப்புல பாத்தா மலைக்கு அந்தப் பக்கம் மேயற மாட்டுக் காதுல ஈ தெரியும்."

"ஈயவா சுடப் போறா? மரத்துக்குப் பின்னாலேருந்து திடீர்னு கிட்ட வந்து நிக்கும்டா. உன் ஸ்கோப்புல வெறும் முடிதான் தெரியும். நெஞ்சு எது, வயிறு எதுன்னு தேடறதுக்குள்ள போயிடும்."

வயிறு என்றதும் வெர்னா தலையைக் குனிந்துகொண்டாள். போன வேட்டை சீசனில் அவள் சுட்ட எல்க் வயிற்றில் குண்டோடு ஓடிப்போனது. அப்பாவும் அவளும் இருட்டும்வரை ரத்தத்தடம் பார்த்து அலைந்தும் கிடைக்கவில்லை. அப்பா அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"சனிக்கிழம சீசன் ஆரம்பிக்குதுப்பா. எத எடுத்துட்டுப் போறதுன்னு சொல்லிடுங்களேன்."

"குழல் ஆடாம சுடு, சொல்றேன்."

"அதுக்குள்ள நீங்க..." மிச்சத்தை விழுங்கினாள். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மூச்சு விடவே முடியாத மனிதருக்கு இப்போதும் என்ன பிடிவாதம்!

அவர் அதைக் கவனிக்காதவர்போல, "ராய்ஸ், என் டூ-செவன்டிய எடுத்துட்டு வாடா" என்றார். மேக்னத்தைவிட உதை குறைவான பழைய துப்பாக்கி. மேலே கீறல் விழுந்த சின்ன ஸ்கோப்.

அங்கே நிற்க முடியாமல், புதுக் காகிதம் குத்துகிற சாக்கில் வெர்னா வேலிப் பக்கம் நடந்தாள். கிழிந்த காகிதத்தை எடுத்து, புதியதைக் குத்தி, பிடிக்காமல் பிடுங்கி மறுபடி குத்தினாள். திரும்பி வந்தபோது ராய்ஸ் பழையபடி படியில் இருந்தான். டூ-செவன்டி பூட்டிய நிலையில், முனை வெளியே பார்க்க, ஜன்னல் விளிம்பில் இருந்தது. அதன் கட்டைமேல் அப்பாவின் கை.

"போட்டாச்சா? நான் பாக்கலப்பா."

அந்தக் கை அசையவில்லை. ஆக்ஸிஜன் இயந்திரம் மட்டும் புஸ் புஸ்ஸென்று ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நர்ஸ் திரும்பி வந்தாள். அக்கம்பக்கத்தார் சுடச்சுட மூடிய பாத்திரங்களோடு வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். சாயங்காலம் கறுப்புச் சவ வண்டி அப்பாவை ஏற்றிக்கொண்டு, முற்றத்துச் சரளைக்கல்லில் மெதுவாக உருண்டு போனது. வெர்னா அழவில்லை. கோப்பைகளைக் கழுவினாள், கழுவியவற்றையே திரும்பக் கழுவினாள்.

வெளியே ராய்ஸ் மேசைப் பக்கம் போவது தெரிந்தது. கட்டிலை ஒழித்தபோது டூ-செவன்டியை அவன்தான் மணல் பைமேல் கொண்டுபோய் வைத்திருந்தான்.

"அப்பா எதப் போட்டாரோ தெரியல. தெறந்து எடுத்துடறேன்."

"தொடாத!"

ஈரக் கையோடு ஓடிவந்து உட்கார்ந்தாள். ராய்ஸ் பின்னால் போய் நின்றுகொண்டான். கட்டையைத் தோளில் அணைத்தாள். சின்ன ஸ்கோப்பில் வைக்கோல் கட்டும் வேலியும், அதற்குப் பின்னால் மங்கும் மலையும் சேர்ந்தே தெரிந்தன. கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். விசையை மெல்ல, மெல்ல அழுத்தினாள்.

டிக்.

ஸ்கோப்பின் குறுக்குக் கோடுகள் காகிதத்தின் நடுவிலேயே நின்றன.

அவள் திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். ராய்ஸ் இன்னும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, வெடிக்கப் போகிறதென்று காத்து நின்றிருந்தான்.