கூடுதலாய் விழுந்த அடி

தகடு வெட்டும் மூன்றாம் நம்பர் பிரஸ் அக்காவின் இரண்டு விரல்களைத் தின்ற பத்தாம் நாள் தொழிற்சாலை நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது. தூக்கக் கலக்கத்தில் அவளே பிரஸ்ஸை இறக்கும் மிதியை மிதித்துவிட்டாளாம். காது குத்துகிறார்கள், கண்ணுகளா. அவளுக்கு ஏற்கெனவே குத்தியாகிவிட்டது என்பது தெரியாமல்.

மிதிக்காமலே அந்தப் பிரஸ்ஸில் சில நேரம் கூடுதலாக ஓர் அடி விழும். மூன்று முறை சூப்பர்வைசரிடம் சொல்லியிருந்தாள். எண்ணெய் போட்டால் சரியாகிவிடும் என்றார் அவர். இப்போது அதே ஸ்டூலில் பக்கத்து வீட்டுக்காரி உட்கார்ந்திருக்கிறாள்.

அக்காவின் தம்பிக்கு இரைச்சல்தான் சங்கீதம். தகர டிரம், இரும்புச் சங்கிலி, துளைபோடும் மெஷின். வீட்டுக்காரர் கோபமாகக் கதவைத் தட்டினால் அதையும் பதிவு செய்துகொள்வான். கேட்டு வளர்ந்த சத்தத்தை உள்ளபடி வாசிப்பதுதான் நம் பாட்டு என்பது அவன் கட்சி. விபத்துக்கு முந்தைய வாரம் அக்காவின் சாப்பாட்டுப் பையில் டேப் ரெக்கார்டரை வைத்து, பிரஸ் சத்தத்தைப் பிடித்துவரச் செய்திருந்தான்.

தொழிலாளர் மன்றத்தில் அந்தப் பாட்டு அரங்கேறிய அன்று, கட்டுப்போட்ட கையோடு அக்கா போனாள். டக்கென்று மிதி, டம்மென்று பிரஸ். கடிகாரம் மாதிரி ஓடியது. அவள் எழுந்தாள்.

“இது என் பிரஸ் இல்லடா.”

“நீ பிடிச்ச டேப்புதான்க்கா.”

“என்னோடது இவ்வளவு ஒழுங்கா விழாது. நடுவுல ஒண்ணு கூட விழும்.”

“ஆமா, விழுந்துச்சு. தாளம் கெட்டுச்சு, வெட்டிட்டேன்.”

அக்கா கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள்.

“மிதி சத்தம் இல்லாம விழுந்த அடிடா அது. என் விரலுக்கு இருந்த ஒரே சாட்சி. அவங்க என் பேச்சை வெட்டினாங்க, நீ அதை வெட்டின. உள்ளபடி வாசிக்கிற மூஞ்சியைப் பாரு.”

வெட்டிய துண்டு நாடாவை நல்லவேளையாக ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தான். அது இருந்த இடத்திலேயே ஒட்டினான். மறுநாள் காலை ஒலிபெருக்கியைத் தொழிற்சாலை வாசலில் கொண்டுவந்து வைத்தான்.

டக், டம். டக், டம். வரிசையில் நின்ற பெண்களின் கால்கள் தாமாகவே மிதித்தன. பிறகு டக் இல்லாமல் ஒரு டம். எல்லாக் கால்களும் அப்படியே நின்றன. பக்கத்து வீட்டுக்காரி தன் பத்து விரல்களையும் பார்த்தாள், வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். சங்கு ஊதியது. ஒருத்தியும் அசையவில்லை.

சூப்பர்வைசர் ஓடிவந்து, காது வலிக்கிறது, நிறுத்துங்கள் என்றார்.

“உள்ள மட்டும் எங்களுக்கு இனிச்சுதா?” என்றாள் அக்கா.

தம்பி அவள் அருகே வந்து, மன்னிச்சிடுக்கா என்று முனகினான். அவள் திரும்பியே பார்க்கவில்லை.

“முதல்ல சத்தத்தைக் கூட்டு.”