பெட்டியைத் தாண்டி வந்த வைத்தியம்

அந்த வீட்டில் தசைகளைப் பற்றித் தெரியாதவர் ஒருவர்கூட இல்லை. தசைகளை வைத்து வேலை செய்கிறவர்தான் ஒரே ஒருவர். அவள் பஸ் கண்டக்டர்.

அவள் கணவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார். நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே இருக்கும் எழுத்து தெரிகிறதா என்று கேட்பது அவர் தொழில். அதைச் செய்து செய்து, கண்ணுக்குக் கீழே இருக்கிற உடம்பும் தன் பொறுப்புதான் என்று எப்போதோ முடிவு கட்டிவிட்டார். யாராவது இடுப்பில் கை வைத்தால் போதும், போனை எடுத்துப் படிக்க ஆரம்பித்துவிடுவார். தெருவில் அவருக்கு ‘டாக்டர்’ என்று பெயர். கேலிக்கு வைத்த பெயர் என்பது அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

பதினோரு மாதத்துக்கு முன் இந்த டாக்டருக்குத் திடீரென்று உடம்பைத் தேற்ற வேண்டும் என்று ஞானோதயம் வந்தது. இரண்டு டம்பெல்லும் அதற்கான இரும்புத் தட்டுகளும் ஒரு மரப்பெட்டியில் வந்து இறங்கின. முப்பது கிலோ. நான்கு நாள் தூக்கினார். நான்காவது நாள் கண்ணாடியில் புஜத்தைப் பார்த்துத் திருப்தி அடைந்து அத்தோடு நிறுத்திக்கொண்டார். பெட்டி மட்டும் வீட்டுக்குள் இருக்கும் நடைபாதையில், சுவர் அலமாரிக்கு முன்னால் குடியேறிவிட்டது.

அந்த அலமாரிக்குள்தான் அவளுடைய யூனிஃபார்ம். தினமும் காலையில் பெட்டியைத் தூக்கிக் குளியலறை வாசலில் வைக்க வேண்டும், உடுப்பை எடுக்க வேண்டும், பெட்டியைப் பழைய இடத்துக்கே கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் யாரும் குளிக்க முடியாது. வேறு எங்காவது வைக்கலாமே என்று அவள் கேட்காமல் இல்லை.

“கண்ணுல பட்டாத்தாம்மா தூக்கணும்னு தோணும்” என்றார் டாக்டர்.

பதினோரு மாதமாகக் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தது. தூக்கியது அவள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, இஸ்திரி போட்ட யூனிஃபார்மை அலமாரிக்குள் மாட்டிவிட்டுப் பெட்டியைத் திரும்ப வைத்தபோது முதுகின் கீழ்ப்பக்கம் வெடுக்கென்று பிடித்துக்கொண்டது. நிமிரவும் முடியவில்லை, குனியவும் முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு வலியைவிடப் பயம்தான் முதலில் வந்தது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு டிப்போவில் டிரைவர் தேர்வு. வருடத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். ஒன்பது வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்தவள், லீவு நாட்களில் லாரி ஓட்டிப் பழகி, கனரக வண்டி லைசென்ஸ் எடுத்து, இந்த வருடம்தான் பட்டியலில் பெயர் வந்திருக்கிறது. பஸ்ஸைப் பின்னால் எடுத்துக் காட்டச் சொல்வார்கள். இடுப்பைத் திருப்ப முடியாதவள் என்னத்தை எடுத்துக் காட்டுவது?

செய்தி பரவியது. வைத்தியம் வந்து குவிந்தது.

“ஐஸ்தான். முதல் ரெண்டு நாள் ஐஸ்தான்” என்று டாக்டர் உறைந்த பட்டாணிப் பாக்கெட்டோடு வந்தார். வழியில் பெட்டி இருந்தது. தாண்டி வந்தார்.

“பிடிச்சுக்கிட்ட இடத்துல எவனாவது ஐஸ் வைப்பானா? வெந்நீர் ஒத்தடம் குடுடா” என்று மாமியார் ரப்பர்ப் பையோடு வந்தார். அவருக்கு முழங்கால் வலி, பெட்டியைத் தாண்ட முடியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்து வந்தார்.

அடுத்த தெருவிலிருந்து நாத்தனார் ஓடி வந்தாள். “அண்ணி, குப்புறப் படுங்க. குதிகாலால ஒரு மிதி மிதிச்சா எல்லாம் சரியாயிடும்.” மிதித்தாள். சரியாகவில்லை. மாடியில் குடியிருக்கும் ரிட்டயர்டு விளையாட்டு வாத்தியார் இறங்கி வந்து, கதவின் மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டு தொங்கச் சொன்னார். அவர் பெட்டியின்மேல் ஒரு காலை ஊன்றி, இன்னொரு காலை நீட்டி, தொங்குவதற்கு முன் எப்படி நிற்க வேண்டும் என்று செய்தும் காட்டினார்.

மறுநாள் ஐஸா வெந்நீரா என்று தாய்க்கும் மகனுக்கும் சண்டை முற்றிவிட்டது. யாருடைய மனமும் நோகக் கூடாது என்று டாக்டரே ஒரு சமரசம் கண்டுபிடித்தார். முதுகின் இடப்பக்கம் பட்டாணி, வலப்பக்கம் வெந்நீர். ஒரே நேரத்தில். இடப்பக்கம் விறைத்தது, வலப்பக்கம் சிவந்தது, நடுவில் வலித்துக்கொண்டே இருந்தது. அவள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். வலியில் அழுகிறாள் என்று இன்னொரு களிம்பு வந்தது.

செவ்வாய்க்கிழமை யாரிடமும் சொல்லாமல், ஆட்டோ பிடித்து டிப்போ மருத்துவமனைக்குப் போனாள். அங்கே பிசியோதெரபி பார்க்கும் பெண், அவளை உட்கார்ந்து எழச் சொல்லி, காலை நீட்டி மடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“எதைத் தூக்குனீங்க?”

இதுவரை யாரும் அவளிடம் இதைக் கேட்கவில்லை. மூன்று நாளாக எங்கே வலிக்கிறது என்று கேட்டவர்களைத்தான் பார்த்திருக்கிறாள்.

“டம்பெல் பெட்டி.”

“எக்சர்சைஸ் பண்றீங்களா?”

“இல்ல. என் வீட்டுக்காரர் பண்ணப்போறாரு.”

அந்தப் பெண் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். லேசான பிடிப்புதான் என்றாள். இனி ஐஸ் வேண்டாம், மிதமான சூடு போதும். யாரும் மிதிக்க வேண்டாம், அமுக்கவும் வேண்டாம். படுத்தே கிடக்காமல் வீட்டுக்குள் மெதுவாக நடக்க வேண்டும். கால் மரத்துப்போனால் உடனே வர வேண்டும். “எல்லாத்தையும்விட முக்கியம், எடை தூக்கக் கூடாது. ஒரு தடவை தூக்கினாலும் திரும்பப் பிடிச்சுக்கும். அப்புறம் வெள்ளிக்கிழமைத் தேர்வை மறந்துட வேண்டியதுதான்.”

டாக்டர் இதைக் கேட்டுக் கோபித்துக்கொள்ளவில்லை. “நான் சொன்னதைத்தானே அவங்களும் சொல்லியிருக்காங்க!” என்று உச்சி குளிர்ந்துபோனார். ஒரு பெரிய தாளில் எல்லாவற்றையும் அழகாக எழுதினார். ‘எடை தூக்கக் கூடாது’ என்பதற்குக் கீழே சிவப்பில் இரண்டு கோடு. அதை எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில், அலமாரிக் கதவில் உயரமாக ஒட்டினார். கை எட்டவில்லை. பெட்டியின்மேல் ஏறி நின்று ஒட்டினார்.

வியாழக்கிழமை மாலை அவளால் இடுப்பைத் திருப்பிப் பின்னால் பார்க்க முடிந்தது. வலி இருந்தது, ஆனால் திருப்ப முடிந்தது. வாசலில் நின்று இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்குக் குளித்துவிட்டு அலமாரிக்கு முன்னால் வந்து நின்றாள். பெட்டி இருந்தது. யூனிஃபார்ம் இல்லாமல் போனால் பஸ்ஸில் ஏற்றவே மாட்டார்கள்.

“என்னங்க, இந்தப் பெட்டியக் கொஞ்சம் நகர்த்துங்க.”

“ரெண்டு நிமிஷம்மா.” அவர் போனில் இருந்தார். கடையில் யாருக்கோ இடுப்பு வலி. “தூக்கும்போது இடுப்பை வளைக்கக் கூடாது சார், முழங்காலைத்தான் மடக்கணும்...”

இரண்டு நிமிஷம் பத்தாயிற்று. பத்து இருபதாயிற்று. அவள் இன்னொரு தடவை கேட்டாள். அவர் ஒரு விரலை உயர்த்திக் காட்டினார். குனிந்து தானே தூக்கிவிடலாமா என்று அவள் கை ஒரு கணம் பெட்டி வரை போனது. எதிரே சிவப்பில் இரண்டு கோடு. அவளுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. பதினோரு மாதமாக வந்திருக்க வேண்டிய கோபம், மொத்தமாக வந்தது.

டிக்கெட் பையிலிருந்து விசிலை எடுத்தாள். நடைபாதையின் நடுவில் நின்று ஊதினாள்.

நிற்காத வண்டியை நிறுத்துகிற விசில் அது. டாக்டர் போனைக் கீழே போட்டார். மாமியார் ரப்பர்ப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். காலையிலேயே வந்திருந்த நாத்தனார் களிம்போடு வந்தாள். வாத்தியார் மாடியிலிருந்து இரண்டிரண்டு படியாகக் குதித்து வந்தார்.

“எங்க வலிக்குது?” என்று நான்கு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

“கையில இருக்கறதெல்லாம் கீழ வைங்க” என்றாள், கூட்டத்தை உள்ளே தள்ளுகிற அதே குரலில். “சார் அந்தப் பக்கம் பிடிங்க. நீங்க இந்தப் பக்கம். நீ நடுவுல பிடிம்மா. அத்தை, நீங்க கதவைத் திறந்து பிடிங்க. வாசலுக்கு வெளிய, மாடிப்படிக்கு அடியில. ம், சீக்கிரம், வழியில நிக்காதீங்க.”

டாக்டர் குனிந்தார். முழங்காலை மடக்கவில்லை. இடுப்பைத்தான் வளைத்தார். பெட்டி மாடிப்படிக்கு அடியில் போய் இறங்கியபோது “ஐயோ” என்று ஒரு சத்தம் கேட்டது. அவள் அதற்குள் அலமாரியைத் திறந்து யூனிஃபார்மை எடுத்திருந்தாள்.

டிப்போவில் இன்ஸ்பெக்டர் பஸ்ஸை இரண்டு கம்பங்களுக்கு நடுவே பின்னால் எடுக்கச் சொன்னார். ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தபோது முதுகு சுருக்கென்றது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பியபடியே எடுத்தாள். கம்பம் அசையவில்லை. இன்ஸ்பெக்டர் அட்டையில் ஏதோ எழுதிவிட்டு, “திங்கட்கிழமையிலிருந்து வண்டி எடுங்க” என்றார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். நடைபாதை காலியாக இருந்தது. வீட்டுக்கு வந்த புதிதில் அது இவ்வளவு அகலமாக இருந்தது அவளுக்கு மறந்தே போயிருந்தது. உள்ளே டாக்டர் குப்புறப் படுத்திருந்தார். இடப்பக்கம் பட்டாணி, வலப்பக்கம் வெந்நீர். தலைமாட்டில் தாயும் மகளும் மிதிப்பதா வேண்டாமா என்று வாக்குவாதத்தில் இருந்தார்கள்.

“நான் பாஸ்” என்றாள்.

“அப்படியா, சந்தோஷம்மா... ஆ... எனக்கு உயிரே போகுது. நான் என்ன பண்ணணும்னு அந்தப் பிசியோதெரபிப் பொண்ணுகிட்ட கேட்டியா?”

அவள் அலமாரிக்குப் போனாள். கதவில் ஒட்டியிருந்த தாளைக் கீழ்விளிம்பைப் பிடித்துக் கிழியாமல் இழுத்து எடுத்துவந்து, அவர் கண்ணெதிரே தலையணையில் விரித்து வைத்தாள். சிவப்புக் கோடு போட்ட வரியில் விரலை வைத்தாள்.

“எடை தூக்கக் கூடாதாம். உங்களுக்கு இது ஒண்ணும் கஷ்டமா இருக்காதுங்க. பதினோரு மாசமாப் பழக்கம்தானே?”