ஜெயமணி அக்காவின் காரும் புகைத்துரையும்

1963-இல் அந்தமான் ஜங்லிகாட் ஜெயமணி அக்கா வாங்கிய பழைய காரைக் கிளப்பினால், அதன் முந்தைய சொந்தக்காரரான வெள்ளைக்காரத் துரை புகைக்குழாய் வழியாக வெளியே வருவார். தொப்பி, மீசை, கைத்தடி எல்லாமே புகை. ஜப்பான்காரன் வருவதற்குள் தப்பிக்கக் கப்பலேறி, கடலிலேயே இறந்துபோனவர். கேட்பாரற்று நின்ற வண்டியைப் பல வருடம் கொட்டகையில் வைத்திருந்து விற்ற சேக் தாவூத் பாய் சாவி தந்தார். காகிதம் கேட்டதற்குத் தேங்காய் தந்தார்.

புருஷன் இல்லாத அக்கா, அந்தக் காரில் டெய்ரி ஃபார்ம் பகுதிக் கர்ப்பிணிகளை ஆஸ்பத்திரிக்கும் மீன்கூடைகளைச் சந்தைக்கும் ஏற்றித்தான் இரண்டு பெண்களை வளர்த்தார். மெட்ராஸிலிருந்து மாற்றலாகி வந்த வண்டிப் பதிவு அதிகாரி பக்தவத்சலம் அதில் இரண்டு குற்றம் கண்டார்: வண்டி துரை பெயரில் இருக்கிறது, புகை ஊருக்கு இடைஞ்சல். துரை நேரில் வந்து கையெழுத்திட வேண்டும், புகையும் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி பறிமுதல்.

அக்கா காரை ஆபீஸ் வாசலில் நிறுத்தினார், இன்ஜினை நிறுத்தவில்லை. துரை தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனார், பின்னாலேயே அக்காவும்.

"சார், இவரு யாரு?"

"யாரா? புகைம்மா. கேஸ் எழுதப் போறேன்."

"எழுதுங்க. இவரு வெறும் புகைன்னா சொந்தக்காரரு செத்துட்டாருன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. என் பேருக்கு மாத்துங்க."

"அதெப்படி? இவர்தானே சொந்தக்காரர்!"

"அச்சா! அப்ப புகை எங்க சார்? நேர்ல வந்து நிக்கிறாரு, கையெழுத்து வாங்குங்க."

வேடிக்கை பார்க்க வாசலில் நின்ற ஊர்க்காரர்கள் நாங்கள் வீரமாக ஆமாம் போட்டோம். அதிகாரி நிமிர்ந்ததும் வானத்தில் மழை வருமா என்று பார்த்தோம்.

"எனக்கே சட்டம் சொல்றியா? வண்டிய விட்டுட்டுப் போ!"

"மாட்டேன் சார். ஜப்தி பண்ணா இவரையும் சேத்து வச்சுக்குங்க. சாயா மட்டும் கேப்பாரு."

மத்தியானத்துக்குள் அறையில் ஃபைல் தெரியவில்லை, ஃபேன் தெரியவில்லை. துரை அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதிகாரி இருமிக்கொண்டே பேனாவை நீட்டினார். துரை கரிக்கோட்டில் போட்ட கையெழுத்து பதிவேட்டிலிருந்த பழைய கையெழுத்தோடு அச்சாகப் பொருந்தியது. சாயங்காலம் வண்டி அக்கா பெயருக்கு மாறியது.

பெயர் மாறியும் துரை வருவதை நிறுத்தவில்லை. டெய்ரி ஃபார்ம் ஏற்றத்தில் வண்டி திணறினால் பின்னாலிருந்து தள்ளுவார். அக்கா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "ஜோர் ஸே, துரை! உள்ள பிரசவக் கேஸு!" என்று கத்துவார். துரை தொப்பியை இறுக்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம் குனிந்து தள்ளுவார்.