எலுமிச்சம்பழம் நசுங்காமல் ஓடிய கார்

மைசூர் கும்பாரகொப்பலில் காளிதாஸ் மேஸ்திரி வீட்டு ஷெட்டில் பூட்டி வைத்திருந்த வெள்ளைக் கார், நான்கு சக்கரங்களுக்கு முன்னால் வைத்த எலுமிச்சம்பழங்களில் ஒன்றுகூட நசுங்காமல், வாடாமல், ஒன்றரை வருஷத்தில் நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. அந்த மாதம் தக்காளி விலை ஏறியிருந்ததால் தெருவில் இதைப் பற்றி முதலில் யாரும் அதிகம் பேசவில்லை. எலுமிச்சம்பழம் அங்கே வந்த விவரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆயுத பூஜையன்று வண்டியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து, கடைசியில் வண்டியை முன்னால் நகர்த்தி அவற்றின் மேல் ஏற்ற வேண்டும். அதோடுதான் பூஜை முடிந்ததாகக் கணக்கு. காளிதாஸ் பூசணிக்காய் உடைத்துக் கையைத் துடைப்பதற்குள் மஸ்கட்டுக்கு விசாவும் டிக்கெட்டும் போனில் வந்து விழுந்தன. அன்று சாயங்காலமே பெங்களூரில் விமானம். வாடகைக் கார் வாசலில் வந்து ஹாரன் அடித்தது. வீட்டுக்காரம்மா தேவம்மா மாடியிலிருந்து, "பூஜைய அரைகுறையா விட்டா வண்டி சும்மா இருக்காதுப்பா" என்று சொல்லிப் பார்த்தாள். திரும்பி வந்து ஏத்திக்கறேன் என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

காளிதாஸ் ஹனூர்ப் பக்கம் ராமாபுரத்துக்காரன். மைசூரில் கட்டட மேஸ்திரியாகப் பத்துப் பதினைந்து பேரை வைத்து வேலை வாங்கியவன். மேட்டூரில் ஒருவரிடமிருந்து அந்தக் காரை வாங்கியபோது, இனி இன்னொருத்தன் வண்டியில் ஏறுவதும் இல்லை, இன்னொருத்தன் வண்டியை ஓட்டுவதும் இல்லை என்று தெருவில் நாலு பேர் கேட்கச் சொன்னான். கட்டட வேலை படுத்துப்போன பிறகுதான் வெளிநாட்டுக்கு மனு போட்டான். பெரிய கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை என்று வீட்டிலும் ஊரிலும் சொல்லியிருந்தான். காரின் நம்பர் தமிழ்நாட்டு நம்பர். வெளிமாநில வண்டி ஒரு வருஷத்துக்கு மேல் கர்நாடக ரோட்டில் ஓடினால் இங்கே ஆயுள் வரி கட்டி நம்பர் மாற்ற வேண்டும் என்பதால், புறப்படுவதற்குச் சில நாள் முன்பே போக்குவரத்து அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருந்தான். நான் வெளிநாட்டில் இருக்கும்வரை இந்த வண்டி ஷெட்டிலேயே நிற்கும், ரோட்டில் இறங்காது என்று. சாவி அவன் மனைவி நிர்மலாவின் தாலிக்கயிற்றில் ஊக்கு போட்டு மாட்டியிருந்தது.

நிர்மலா கார்மென்ட்ஸில் தையல் வேலை பார்ப்பவள். பிள்ளைகள் இல்லை. அவன் புறப்பட்டுப் போன மாதமே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. காலை எட்டு மணி சுமாருக்கு கார் பானெட் சூடாகும். தேவம்மாவின் பூனைகள் அதற்கென்றே வந்து ஏறிப் படுக்கும். வெள்ளி, சனிக்கிழமைக் காலைகளில் மட்டும் சூடாகாது, பூனைகளும் வராது. மீட்டர் ஏறியது. பெட்ரோல் முள் தானாக இறங்கி, தானாக ஏறியது. கால்மிதியில் வெளுத்த மணல் கிடந்தது. காவிரி மணல் அப்படி இருக்காது. அவர் அங்கே போகிற இடத்துக்கெல்லாம் வண்டியும் போகிறது என்று அவள் புரிந்துகொண்டு மணலைக் கூட்டி முருங்கை மரத்தடியில் கொட்டினாள். அவன் வெள்ளிக்கிழமைதோறும் போன் செய்வான். நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், சைட்ல நின்னு நின்னு காலுதான் வலிக்குது என்பதற்கு மேல் பேச்சு வளராது. ஆனால் மீட்டர் வளர்ந்தது. அதைப் பார்த்துத்தான் ஆள் நடமாட்டமாக இருக்கிறான் என்று அவள் நிம்மதிப்பட்டாள்.

அந்த நிம்மதி மழைக்காலம் வரைதான். முன்பக்கத்தில் இடப்பக்கத்து இருக்கை மெல்லக் குழிய ஆரம்பித்தது. ஸ்டியரிங் பக்கத்து இருக்கை அவன் இங்கே ஓட்டிய நாளிலேயே குழிந்திருந்தது, அதில் புதிதாக ஒன்றும் இல்லை. இடப்பக்கத்து இருக்கைதான் அவளுடைய இருக்கை. அவள் உட்கார்ந்தபோது அது இப்படிக் குழிந்ததே இல்லை. யாரோ கனத்த உடம்புக்காரி தினமும் உட்காருகிறாள். அந்த இருக்கையில் தலைவலித் தைலம் மணத்தது. மகாராணிக்குத் தலைவலி வேறயா என்று நிர்மலா தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு ஒருநாள் அந்த இருக்கையின் முதுகில், பின்னாலிருந்து உதைத்தது போல, சின்னதாக ஒரு ஷூ தடம் பதிந்திருந்தது. பின் இருக்கையில் பிஸ்கட் துகள். நிர்மலா கதவைச் சாத்திவிட்டு அன்று வேலைக்குப் போகவில்லை. மஸ்கட்டில் அவருக்கு ஒரு குடும்பம் இருக்கிறது. போனில் கேட்டால் இல்லை என்பார். காரைக் கேட்டால்தான் உண்மை தெரியும். அதனால் அந்தக் கார் அங்கேயே நிற்க வேண்டும், யாருக்கும் தெரியாமல் ஓடவும் வேண்டும் என்று அவள் முடிவு செய்தாள்.

ஆனால் தெருவுக்கும் கண் உண்டு. சூடான பானெட்டைத் தொட்டுப் பார்த்தவர்கள், புருஷன் இல்லாத வீட்டுக் காரில் காலையில் யாரோ போய் வருகிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். பேச்சு பஸ் ஏறி ராமாபுரம் போய், காளிதாஸின் அண்ணன் ரத்தினசாமியை ஒரு மூட்டை ராகியோடு அழைத்து வந்தது. அவர் ராகியை இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல், "ஏம்மிணி, காருல ஆரு போறா?" என்று கேட்டார். அவள், "நீங்களே உக்காந்து பாருங்க மாமா" என்று சாவியைக் கழற்றிக் கொடுத்தாள். மறுநாள் காலை ஏழரை மணிக்கு ரத்தினசாமி ஷெட்டை உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டு பின் இருக்கையில் காவலுக்கு உட்கார்ந்தார். ஒன்பது மணிக்கு வெளியே வந்தவர், மாதேஸ்வரன் மலை வளைவுகளில் பஸ்ஸில் வந்தவர் போல முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். கார் ஒரு விரற்கடைகூட நகரவில்லை, எலுமிச்சம்பழங்களும் அப்படியே இருந்தன என்று அவரே சொன்னார். வண்டி போவுது, அதுவும் வேகமாப் போவுது என்றும் அவரே சொன்னார். மத்தியான பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு தம்பி பெண்டாட்டியைப் பற்றி யார் எது சொன்னாலும் எழுந்து போய்விடுவார் என்று கேள்வி.

அந்த வருஷம், வெளிநாடு போனவர்கள் விட்டுவிட்டுப் போன வண்டிகளைத் தேடிப் பார்க்கச் சொல்லி மோட்டார் இன்ஸ்பெக்டர்களுக்கு உத்தரவு வந்தது. ஓட்டவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு மச்சானிடம் சாவியைக் கொடுத்திருந்தவர்கள் பலர் மாட்டினார்கள். கும்பாரகொப்பல் பக்கம் இன்ஸ்பெக்டர் மஞ்சுநாத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. மஞ்சுநாத் சந்தேகத்துக்குப் பெயர் போனவர். மாமனார் ஸ்கூட்டரையே இன்ஷூரன்ஸ் இல்லை என்று கல்யாண மண்டப வாசலில் நிறுத்திப் பிடித்தவர். அவர் ஷெட்டுக்குள் வந்ததும் பூனைகளைத்தான் முதலில் பார்த்தார். பிறகு பானெட்டில் கை வைத்தார். பிறகு நிர்மலாவைப் பார்த்தார். மீட்டரையும், புறப்படும் முன் காளிதாஸ் எழுதிக் கொடுத்திருந்த மீட்டர் கணக்கையும் ஒப்பிட்டபோது அவர் முகத்தில் தெரிந்தது கோபம் இல்லை, ஒரு திருப்தி. டயரிலும் தரையிலும் சேர்த்து சாக்பீஸ் கோடு போட்டார், பேட்டரி வயரைக் கழற்றினார், கதவில் காகிதம் ஒட்டி சீல் வைத்தார். ஒரு வாரம் கழித்து வந்தபோது சீல் கிழியவில்லை, கோடு விலகவில்லை, பானெட் சுட்டது, மீட்டர் ஏறியிருந்தது. கோட்டை அழித்துத் திரும்பப் போட்டிருப்பார்கள் என்றார். எலுமிச்சம்பழத்தைத் தினமும் மாற்றுகிறார்கள் என்றார். சந்தை எலுமிச்சம்பழக்காரனைக்கூட விசாரித்தார். தேவம்மா குறுக்கே வந்து, அது பூஜை பாதியில் நின்ற வண்டி, அதனால் நிற்காது என்று விளக்கியபோது, வரி கட்டாத வண்டிகள் எல்லாமே அப்படித்தான் அம்மா என்றார்.

கடைசியில் ஒரு புதன்கிழமை காலை அவர் இழுவை வண்டியோடு வந்தார். வண்டி ஓடியிருக்கிறது, எழுதிக் கொடுத்தது பொய், எடுத்துக்கொண்டு போய் அலுவலக மைதானத்தில் நிறுத்துவோம், உரிமையாளர் நேரில் வந்து மீட்டுக்கொள்ளட்டும் என்று சட்டப்படி சொன்னார். தெருவே வாசலில் நின்றது. நிர்மலா ஷெட் கதவைத் திறந்து விட்டாள். தடுப்பாள், அழுவாள் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். அவள் கன்னடத்தில், இன்ஸ்பெக்டருக்கு மட்டும் கேட்கும்படி, ஆனால் தேவம்மாவுக்கும் கேட்டுவிட்ட குரலில் சொன்னாள்: "ஸார், வண்டி ஓடுதான்னு உங்களுக்குச் சந்தேகம். ஓடுது. அதுல யார் உக்காருறாங்கன்னு எனக்குச் சந்தேகம். மொதல்ல அதைக் கண்டுபிடிச்சுக் குடுங்க. அப்புறம் எடுத்துட்டுப் போங்க."

மஞ்சுநாத்தை இத்தனை வருஷ சர்வீசில் யாரும் சந்தேகப்படச் சொல்லிக் கேட்டதில்லை. அவர் இழுவை வண்டிக்காரனை டீ குடிக்க அனுப்பினார். முதலில் ஸ்டியரிங் பக்கம் பார்த்தார். ஸ்டியரிங்கின் கம்பிகளுக்கு நடுவே சிலந்தி வலை பின்னியிருந்தது. அந்த இருக்கையில் பழைய பள்ளத்தின் மேல் தூசி படிந்திருந்தது. இந்தப் பக்கம் யாரும் உட்காரவில்லை என்றார். நிர்மலா, "அந்தப் பக்கம் பாருங்க ஸார், அதுலதான் அவ உக்காருறா" என்றாள். அவர் சுற்றி வந்து இடப்பக்கத்துக் கதவைத் திறந்து குனிந்தார். தைலம் மணத்தது. இருக்கையைப் பார்க்காமல் கால்மிதியைத்தான் வெகு நேரம் பார்த்தார். ரப்பர் மிதியில், வலது குதிகால் ஊன்றும் இடத்தில், ஓர் எட்டணா அளவுக்கு ஓட்டை தேய்ந்திருந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்து, குதிகாலை அந்த ஓட்டையில் வைத்தார். பாதத்தின் முன்பகுதி தானாக அழுந்தியது. இரண்டு கையும் தானாக எழும்பி, எதுவும் இல்லாத இடத்தில் எதையோ பிடித்துக்கொண்டன.

பிறகு, "அம்மா, அந்த ஊர்ல ஸ்டியரிங் இடது பக்கம்" என்றார். "இதுதான் டிரைவர் சீட். தைலம் உங்க வீட்டுக்காரருக்குத்தான். பக்கத்து சீட்டுல சிலந்திதான் இருக்கு." அவருக்கு இப்போது சந்தேகம் முழுவதும் தெளிந்து, கண்டுபிடித்த உற்சாகம் வந்துவிட்டது. பின் இருக்கையைத் தட்டிக் காட்டினார். சொந்த வண்டியாக இருந்தால் கூட வருகிறவர்கள் முன்னால் உட்காருவார்கள், முன் சீட் காலியாக இருந்து பின் சீட் மட்டும் தேய்ந்தால் அது வாடகைக்கு ஓடுகிற வண்டி, அல்லது முதலாளி வீட்டு வண்டி, இருபது வருஷமாக இதைப் பார்த்துத்தான் கேஸ் போடுகிறேன் என்றார். காலை எட்டு மணி இங்கே, அங்கே ஆறரை, பள்ளிக்கூட நேரம். வெள்ளியும் சனியும் அங்கே பள்ளிக்கூடம் லீவு. உங்கள் வீட்டுக்காரர் யாரோ ஒரு பெரிய வீட்டுப் பிள்ளையைக் கொண்டுபோய் விடுகிறார், அந்தப் பிள்ளை டிரைவர் சீட்டை உதைக்கிறது. இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத்தான் அவர் நிர்மலாவின் முகத்தைப் பார்த்தார். அவள், "சூப்பர்வைசர்னு சொன்னாரே ஸார்" என்றாள். மஞ்சுநாத் குனிந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். தெருவில் நின்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். இன்னொருத்தன் வண்டியை ஓட்டமாட்டேன் என்று காளிதாஸ் சொன்னதைக் கேட்ட நாலு பேரும் அங்கே இருந்தார்கள். அவர்கள் அன்றைக்கும் சரி, பிறகும் சரி, அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அலுவலகத்தில் இந்த விஷயம் மூன்று மாதம் இழுத்தது. வண்டி ஓடவில்லை என்று எழுதினால் மீட்டர் பொய்யாகும், ஓடியது என்று எழுதினால் எலுமிச்சம்பழம் பொய்யாகும். பெரிய அதிகாரி நேரில் வந்து ஒரு பழத்தை விரலால் அழுத்தி, மோந்து பார்த்து, புதுசுதான் என்று ஒப்புக்கொண்டார். ரோட்டை உபயோகிக்கிறவனுக்குத்தான் வரி, இந்த வண்டி கர்நாடக ரோட்டில் ஒரு முழம்கூட ஓடவில்லை, ஓடுவது ஓமான் ரோட்டில், அது அந்த நாட்டுக்காரர்கள் பார்க்க வேண்டிய விஷயம் என்று மஞ்சுநாத் வாதாடினார். மாநிலத்தை விட்டு வெளியேறிய வண்டிகளுக்கு என்று ஏற்கெனவே ஒரு விதி இருந்தது. அதன்படி, மேற்படி வண்டி தற்சமயம் கர்நாடகத்தில் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கடிதத்தைக் கொடுக்க வந்தபோது மஞ்சுநாத் இல்லாத வண்டியின் மேல் படுத்திருந்த பூனையைத் தடவிக் கொடுத்தார். இந்தத் தெருவில் வேறு யாராவது வெளிநாடு போயிருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

நிர்மலா அந்த வாரம் தேவராஜ மார்க்கெட்டுப் பக்கம் போய் இலவம் பஞ்சு வாங்கி வந்தாள். கார்மென்ட்ஸில் மிச்சம் விழுந்த துணியில் முதுகுக்கு ஒன்று, உட்காருவதற்கு ஒன்று என்று இரண்டு திண்டு தைத்து, இடப்பக்கத்து இருக்கையில் வைத்து, நாடாவால் கட்டினாள். ஸ்டியரிங்கில் இருந்த சிலந்தி வலையை மட்டும் கலைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காளிதாஸ் போன் செய்தான். நல்லா இருக்கேன், சாப்பிட்டேன் என்றான். பிறகு வழக்கத்துக்கு மாறாக, என்னமோ தெரியலை அம்மிணி, ரெண்டு நாளா முதுகு வலியே இல்லை, உக்காந்தா மெத்துன்னு இருக்குது என்றான். சைட்டில் நிற்கிறவருக்கு உட்கார எங்கே நேரம் என்று அவள் கேட்கவில்லை.

"ஏனுங்க, பின்னாடி உக்காருற பையன்கிட்ட பிஸ்கட்டு திங்க வேண்டாம்னு சொல்லுங்க" என்றாள். "இங்க எறும்பு ஏறுது."

கட்டாகிவிட்டதோ என்று அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். பிறகு அவன் குரல் வந்தது.

"பையன் இல்ல. பொம்பளப் புள்ள. அஞ்சு வயசு."

"அப்படின்னா மெதுவாச் சொல்லுங்க."

"சரி, சொல்றன்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பானெட் சூடானது, பூனைகள் வந்தன. பின் இருக்கையில் துகள் இல்லை. எறும்புகள் நாலைந்து நாள் வந்து பார்த்துவிட்டு, பிறகு தேவம்மா வீட்டுச் சமையற்கட்டுக்குப் போய்விட்டன.