பங்காளியின் கழுத்து

அன்றைக்கு என் புருஷன் தசருதான் அரியணை. கோட்டை முற்றத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். இளவரசன் அவர் மடியில் அமர்ந்தான். எங்கள் பூயான் குடித் தலைவர் அவனுக்குத் திலகமிட்டார். பறைகள் அதிர்ந்தன. இந்த மலையில் பட்டம் சூட்டுவது இப்படித்தான்.

அடுத்தது கழுத்து. தசரு மண்ணில் குப்புறப் படுத்தார். புது ராஜா வாளால் அவர் பிடரியைத் தொட வேண்டும், அவ்வளவுதான். தொட்டதும் அவர் செத்ததாகக் கணக்கு. எழுந்து காட்டுக்குள் ஓடிவிடுவார். மூன்றாம் நாள் உயிரோடு வந்து நிற்பார்.

ஆனால் இவன் சமவெளியில், தாய்மாமன் வீட்டில் வளர்ந்தவன். வாளை இரண்டு கைகளாலும் பிடித்துத் தலைக்கு மேலே ஓங்கியிருந்தான்!

படுத்திருப்பவர் வாய் திறக்கக் கூடாது. அது முறை. எனக்கு என்ன முறை?

"நிறுத்துய்யா! வெட்டறதுக்கு இதென்ன பூசணிக்காயா?"

வாள் அந்தரத்தில் நின்றது.

"பொம்பளைக்கு இங்க என்ன பேச்சு?" அரண்மனைப் புரோகிதர் சீறினார். "வெட்டுங்க பிரபு! சூரிய குலத்து வாளால செத்தா காட்டானுக்குப் புண்ணியம்."

"சூரிய குலமா? அப்புறம் ஏன் சாமி, இவங்க குலதெய்வத்தை நாங்க மட்டும் குளிப்பாட்டறோம்? நீங்க அந்தக் கோயில் வாசப்படி தாண்டியிருக்கீங்களா?"



"யாரு இவரு?" இளவரசன் என்னிடம் கேட்டான்.

"உங்க மொத ராஜா எங்க குடிசையில பொறந்தவரு. அவருதான் தம்பிக்காரரு. அண்ணன் மலையிலயே தங்கிட்டாரு. இவரு அந்த அண்ணன் வழி. உங்க பங்காளி!"

அவன் திரைக்குப் பின்னாலிருந்த தாயைப் பார்த்தான்.

"நெசந்தாம்ப்பா," என்றாள் ராணி. "உங்க மாமன் வீட்டுக்குத் தெரிஞ்சா எளப்பம்னு மறைச்சுட்டேன்."

வாள் மெல்ல இறங்கியது. வண்ணத்துப்பூச்சி உட்காருவதுபோலப் பிடரியைத் தொட்டது. தசரு துள்ளி எழுந்து, கூட்டத்தைப் பிளந்துகொண்டு காட்டுக்குள் மறைந்தார்.

ராஜா என்னிடம் வந்தான்.

"அண்ணி, பங்காளி செத்தா நம்ம வீட்ல என்ன செய்வாங்க?"

அண்ணி!

"அடுப்பு... அடுப்பு மூட்ட மாட்டோம்."

கிரீடத்தைக் கழற்றித் தாயிடம் கொடுத்துவிட்டு வெறுந்தரையில் உட்கார்ந்தான். சமவெளி விருந்தாளிகள் வாய் பிளந்து நிற்க, சமையல்காரர்களைப் பார்த்துச் சொன்னான்:

"விருந்து அடுப்பையெல்லாம் அணைங்க. எங்க அண்ணன் செத்திருக்காரு."

கோட்டைக்கு மேல் புகை மெலிந்து, நின்றுபோனது.