மிஸ்டுகால் மெக்கானிக்

"இவரும் கட் பண்ணிட்டாரு!" என்றாள் மகள். அப்பாவின் பட்டன் போன் அவள் கையில் இருந்தது. பக்கத்து அறையில் அப்பாவை வெள்ளைத் துணி போர்த்திக் கிடத்தியிருந்தார்கள். விடிந்தபோது மூச்சு நின்றிருந்தது.

அவர் பம்ப் மோட்டார் மெக்கானிக். வாடிக்கையாளர் நம்பரெல்லாம் இந்தப் போனில்தான். 'பேக்கரி பம்ப்', 'மூணாம் மாடி டேங்க்' என்று மோட்டாரை வைத்துத்தான் மனிதர்களைப் பதிந்திருந்தார். நாலு மணிக்கு எடுக்க வேண்டும். அதற்குள் அத்தனை பேருக்கும் சொல்லியே தீருவது என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள்.

"அவரு யாருக்காவது போன் பண்ணிப் பேசியிருக்காரா? யாரு வரப்போறா? நம்ம வீட்டாளுங்க போதும், விடு," என்றான் அண்ணன்.

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் அவன் சொன்னதும் பொய்யில்லை. நாலு மாதம் முன்பு ரீசார்ஜ் கடையில் அப்பா செய்த அமர்க்களம் தெருவுக்கே தெரியும். பிளான் அட்டையைப் பொடியெழுத்து விடாமல் ஒரு மணி நேரம் படித்துவிட்டு, "எனக்கு நெட்டு வேணாம், பாட்டு வேணாம். நான் உயிரோட இருக்கேன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சாப் போதும். அதுக்கு எதுய்யா கம்மி?" என்று கேட்டார். வருஷத்துக்கு ஒரே ரீசார்ஜ், பேச முந்நூறு நிமிடம். அதையும் செலவழிக்க மனசு வராது மனிதருக்கு. ஒரு ரிங் விட்டு வைத்துவிடுவார். மிஸ்டுகால் மெக்கானிக் என்றே பெயர் விழுந்துவிட்டது.

போன் அடித்தது. பேக்கரி பம்ப்.

"சொல்லுங்க மெக்கானிக்! உங்க நிமிஷம் வீணாப் போகக் கூடாதுன்னுதான் கட் பண்ணேன்."

அடச்சே, இதுகூடத் தோன்றவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவர் அழைத்தால் வெட்டிவிட்டுத் தாங்களே கூப்பிட வேண்டும் என்று எல்லோரும் பழகி வைத்திருக்கிறார்கள்.

"நான் அவரோட பொண்ணு பேசறேன். அப்பா... காலையில போயிட்டாரு."

அந்தப் பக்கம் யாரிடமோ அடுப்பை அணைக்கச் சொல்வது கேட்டது. பிறகு, "கடையச் சாத்திட்டு வர்றேம்மா."

அதன்பின் அவள் பேச முயலவே இல்லை. அப்பா மாதிரியே ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு ரிங் விட்டு வைத்தாள். ஒருவர் பாக்கியில்லாமல் திருப்பிக் கூப்பிட்டார்கள்.

மூன்றரைக்குத் தெருவில் வண்டி நிறுத்த இடமில்லை. மூன்றாம் மாடி அம்மா மூச்சிரைக்க வந்தார். "எனக்கும் அவருதான் பிளான் பாத்துச் சொன்னாரு. மாசத்துக்கு ரெண்டு தடவை பேசறவளுக்கு தினம் டேட்டா எதுக்கும்மான்னு என்னா திட்டு!" என்று சொல்லிச் சிரித்து, அப்படியே அழுதுவிட்டார்.

"அப்பாவுக்கு இவ்ளோ பேரா?" என்றான் அண்ணன்.

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அழுகையோடு, "பின்ன? எங்கப்பாவ யாருன்னு நெனச்ச?" என்றாள்.

"எனக்கும் அவருதான்டி அப்பா," என்று சொல்லிவிட்டு அவன் வண்டிகளை ஒழுங்குபடுத்தப் போனான்.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியதும், "இந்த நம்பர விட்ரலாமா?" என்று கேட்டான்.

"பிளான் இன்னும் எட்டு மாசம் இருக்கு," என்றாள்.

அப்பாவின் போனில் தன் நம்பரை அழுத்தி, அதை அவருடைய டூல்ஸ் பெட்டிமேல் வைத்தாள். அவள் போனில் 'அப்பா' என்று வந்தது. ஒரு ரிங். கட்டைவிரல் தானாகப் போய்க் கட் பண்ணியது. வழக்கம்போல உடனே திருப்பிக் கூப்பிட்டாள்.

பெட்டிமேல் அப்பாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது.